அம்மாவின் அறுபதுக்கு ஒரு வாழ்த்து அட்டை

கேள்வி: என் அம்மாவுக்கு வரும் ஆவணி ரோகிணியில் அறுபது முடிகிறது. ஆலங்குளம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறார். அப்பா காலமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அம்மா அஞ்சாம் வகுப்பு வரை படித்தவர். வார இதழ்களை எழுத்துக்கூட்டி மெதுவாக வாசிப்பார். பீடி சுற்றித்தான் என்னையும் தம்பியையும் படிக்க வைத்தார். நான் பத்தாவது, பன்னிரண்டாவது படித்தபோது ராத்திரி புத்தகத்தோடு உட்கார்ந்தால், அவரும் பக்கத்தில் உட்கார்ந்து மறுநாளைக்கு இலை வெட்டிக்கொண்டிருப்பார். இப்போதும் சும்மா இருக்காமல் கொஞ்சம் சுற்றுகிறார். நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். அம்மாவுக்கு ஒரு வாழ்த்து அட்டை வாங்கி வைத்துவிட்டு, எழுத வேண்டியதைத் தாளில் நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். கடைசியாக எழுதியது இது: ‘அன்புள்ள அம்மா, நீங்கள் எனக்காகச் செய்த தியாகங்களுக்கு நன்றி சொல்ல வார்த்தைகளே இல்லை. நீங்கள் பட்ட கஷ்டங்கள் எல்லாம் என் கண்முன் வந்து போகின்றன. நீங்கள்தான் என் உலகம். நீங்கள் நீடூழி வாழ வாழ்த்துகிறேன்.’ வாசித்தால் யாரோ எழுதியது மாதிரி இருக்கிறது. எங்கள் வீட்டில் அன்பை வாய்விட்டுச் சொல்கிற பழக்கம் இல்லை. போன வருஷம் என் கல்யாணப் பேச்சில் சண்டை வந்து மூன்று மாதம் அம்மாவோடு சரியாகப் பேசாமல் இருந்தேன். அதற்கும் இந்த அட்டையிலேயே மன்னிப்புக் கேட்டுவிடலாமா?
ஒரு வாசகி, சென்னை

பதில்: நீங்கள் தேடுகிற வரி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அட்டைக்காக எழுதிய வாசகத்தில்தான் இல்லை. ராத்திரி நீங்கள் படிக்கும்போது அம்மா பக்கத்தில் உட்கார்ந்து இலை வெட்டினார் என்று எழுதியிருக்கிறீர்கள். முன்பின் தெரியாத ஒருவருக்கு எழுதும்போது தானாக வந்துவிட்ட அந்தச் செய்தி, அம்மாவுக்கு எழுத உட்கார்ந்ததும் ‘தியாகம்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் போய்விட்டது. நாலு தடவை கிழித்ததற்குக் காரணம் உங்களுக்கு எழுத வராதது அல்ல. அம்மாவுக்கு என்றால் பெரிய வார்த்தைகளாக இருக்க வேண்டும் என்ற தயக்கம்தான் காரணம்.

உங்கள் வாசகத்தை ஒரு சோதனைக்கு உட்படுத்துவோம். ஒவ்வொரு வரியையும் உங்கள் தோழியின் அம்மாவுக்குக் கொடுப்பதாக நினைத்துப் பாருங்கள். அவருக்கும் பொருந்தினால் அந்த வரியை அடித்துவிடுங்கள். ‘நன்றி சொல்ல வார்த்தைகளே இல்லை’ பொருந்தும். ‘நீங்கள்தான் என் உலகம்’ பொருந்தும். கடைசியில் ‘அம்மா’ என்ற ஒரு சொல் மட்டும் மிஞ்சும். அது போதும், அங்கிருந்து தொடங்கலாம்.

அதற்கு முன் ‘கஷ்டம்’ என்ற சொல்லைக் கொஞ்சம் பார்க்க வேண்டும், ஏனென்றால் அம்மாவுக்கு எழுதுகிறவர்களில் பாதிப் பேர் இங்கேதான் தவறுகிறார்கள். உங்கள் அம்மா தன் வாயால் அந்த நாட்களை எப்படிச் சொல்வார்? ‘இலை வெட்டணும், கணக்கு முடிக்கணும்’ என்று வேலையாகத்தான் சொல்லியிருப்பார். ஊற வைத்த இலையைத் தகடு வைத்து ஒரே அளவாகக் கத்தரிப்பதும், ஈரத்துணியில் சுற்றி வைத்து மறுநாள் தூள் சிந்தாமல் சுருட்டுவதும் கைத்திறன். அவர் வேலை என்று நினைத்துச் செய்ததை நீங்கள் கஷ்டம் என்று எழுதிக் கொடுத்தால், அறுபதாம் பிறந்தநாளில் அவர் கைக்கு வருவது பாராட்டு அல்ல, பரிதாபம். வாசித்து அழுவார். மனம் நெகிழ்ந்து அழுகிறார் என்று நாம் நினைத்துக்கொள்வோம், அவருக்கோ பழைய கடனும் பழைய பயமும் திரும்பி வந்திருக்கும். அதனால் அம்மா பட்டதை எழுதாதீர்கள். செய்ததை எழுதுங்கள், அதுவும் நீங்கள் பார்த்ததை மட்டும்.

கத்தரிச் சத்தம் கைவசம் இருந்தாலும் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். இருபது நிமிஷம் ஒதுக்கி, ஒரு வெற்றுத் தாளில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். அம்மாவின் கையில் எப்போதும் இருக்கும் பொருள் எது? அவர் போனில் முதலில் கேட்பது என்ன? வேறு யாரும் பார்க்காமல் நீங்கள் மட்டும் பார்த்த அவர் செயல் எது? இன்றைக்கு உங்களை அறியாமல் அவரைப் போலவே நீங்கள் செய்வது எது? கடைசியாக அவர் பேச்சைக் கேட்டு எப்போது சிரித்தீர்கள்? வாக்கியமாக எழுத வேண்டாம், குறிப்பாக எழுதினால் போதும். பத்துப் பன்னிரண்டு குறிப்பு சேர்ந்ததும் ஒன்றே ஒன்றை எடுங்கள். இரண்டு நன்றாக இருந்தால் ஒன்றை அடுத்த வருஷத்துக்கு வையுங்கள். பத்தையும் ஒரே அட்டையில் அடுக்கினால் அது பட்டியலாகி, ஒன்றும் மனதில் தங்காது. எதை எடுப்பது என்று குழப்பமாக இருந்தால், காதில் கேட்கிற அல்லது கண்ணில் தெரிகிற குறிப்பை எடுங்கள். ‘அம்மா பொறுமைசாலி’ என்பது கண்ணுக்குத் தெரியாது, கத்தரி தெரியும்.

இனி மொழி. அம்மாவை வீட்டில் எப்படிக் கூப்பிடுகிறீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. உங்கள் பக்கத்தில் பெரும்பாலும் ‘நீ’தான். வீட்டில் ‘நீ’ என்றால் அட்டையிலும் ‘நீ’ என்றே எழுதுங்கள். வாழ்நாளெல்லாம் ‘நீ’ என்று பேசிய மகள் திடீரென்று ‘நீங்கள்’ என்று எழுதினால், அந்த மரியாதை அம்மாவை ஒரு அடி தள்ளி நிற்க வைக்கும், வங்கியிலிருந்து வந்த கடிதம் போல. கோவைப் பக்கம் போல அம்மாவை ‘நீங்க’ என்றே பேசுகிற வீடாக இருந்தால் ‘நீங்கள்’ இயல்பாகவே பொருந்தும். வாயில் எது இருக்கிறதோ அதுதான் கணக்கு.

ஆனால் ‘நீ’ என்று தொடங்கியதும் ஒரு சிக்கல் வரும், உங்கள் பேனா நின்றதும் அங்கேதான் என்று நினைக்கிறேன். ‘நீ வெட்டினாய், நீ விழித்திருந்தாய், நீ கொடுத்தாய்’ என்று வரிசையாக ‘ஆய்’ வந்தால் மேடை நாடகம் போல ஒலிக்கிறது. அதற்காக முழுக்கப் பேச்சுத் தமிழில் ‘வெட்டுன, முழிச்சிருந்த’ என்று எழுதினால் வேறு தொல்லை. எழுத்துக்கூட்டி வாசிக்கிறவர்களுக்கு அச்சில் பார்த்துப் பழகிய சொல்வடிவம்தான் சட்டென்று பிடிபடும். பேச்சு வடிவத்தை எழுத்தில் பார்த்தால் தடுமாறுவார்கள். இதற்கு எளிய வழி, வாக்கியத்தின் முடிவை உங்கள் பக்கம் திருப்பிக்கொள்வது. ‘நீ விழித்திருந்தாய்’ என்பதை ‘நீ விழித்திருப்பதைப் பார்த்துத்தான் நானும் விழித்திருந்தேன்’ என்று மாற்றிப் பாருங்கள். ‘ஏன்’ என்ற முடிவு பேச்சிலும் எழுத்திலும் ஒன்றுபோலவே இருப்பதால் செயற்கையாகத் தெரியாது. அல்லது பொருளின் மேல் ஏற்றிச் சொல்லுங்கள்: ‘உன் கத்தரிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.’ இந்த இரண்டு திருப்பத்தில் வாசகம் முழுவதையும் எழுதிவிடலாம். அம்மா சொன்ன சொல்லை எடுத்துப் போடும் இடத்தில் மட்டும் அவர் பேச்சை அப்படியே எழுதுங்கள். ‘ஏட்டி, சாப்பிட்டியா’ என்று கேட்பவர் என்றால் அது ‘மகளே, சாப்பிட்டாயா’ ஆகிவிடக் கூடாது.

சொல்லின் நீளத்தையும் கவனியுங்கள். ‘கற்றுக்கொடுத்திருக்கிறாய்’ பதின்மூன்று எழுத்து. மெதுவாக வாசிப்பவர் கடைசி எழுத்துக்கு வருவதற்குள் முதல் எழுத்தை விட்டுவிடுவார். எட்டு எழுத்துக்கு மேல் போகிற சொல்லைப் பார்த்தால் உடைக்க முடியுமா என்று யோசியுங்கள். ஒரு வாக்கியத்துக்கு மிஞ்சினால் எட்டுச் சொல், மொத்தம் ஆறேழு வாக்கியம். ஐம்பது சொல்லுக்கு மேல் வேண்டாம். அட்டையின் உள்பக்கம் ஏ5 அளவு இருந்தால், வெள்ளெழுத்துக் கண்ணுக்கு வாசிக்க வசதியாக எழுதும்போது அவ்வளவுதான் கொள்ளும்.

மன்னிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். அட்டையில் வேண்டாம். வாழ்த்து அட்டை நம் வீடுகளில் பாதி பொதுச்சொத்து. டிவி பக்கத்திலோ ஷோகேஸிலோ நிற்கும். பக்கத்து வீட்டுக்காரர் எடுத்துப் பார்ப்பார், சித்தி வாசிப்பார், அம்மாவே ‘மக அனுப்பியிருக்கா’ என்று எடுத்துக் காட்டுவார். அந்த இடத்தில் ‘போன வருஷம் உன்னிடம் கோபப்பட்டதற்கு’ என்று ஒரு வரி இருந்தால், அவர் அட்டையைப் பெட்டிக்குள் மறைத்து வைக்க வேண்டியதுதான். இன்னொன்று, வாழ்த்து என்பது கொடுப்பது, மன்னிப்பு என்பது கேட்பது. இரண்டையும் ஒரே தாளில் வைத்தால் கேட்பதுதான் பெரிதாகத் தெரியும். அம்மா பிறந்தநாளை மறந்து உங்களைத் தேற்றத் தொடங்கிவிடுவார்.

அதைத் தனியாக ஒரு சிறிய தாளில் எழுதி, மடித்து, அட்டைக்குள் வையுங்கள். மூன்று வாக்கியம் போதும். நான் என்ன செய்தேன், அது உனக்கு எப்படி இருந்திருக்கும், இனி என்ன செய்வேன். ‘மூணு மாசம் உன் போனைச் சரியாக எடுக்காமல் இருந்தேன். நீ ராத்திரி தூங்காமல் இருந்திருப்பாய் என்று தெரியும். இனி கோபம் இருந்தாலும் போனை எடுப்பேன்.’ இந்தத் தாளில் ‘ஆனால்’ வரக் கூடாது. ‘ஆனால் நீயும்’ என்று ஒரு சொல் வந்துவிட்டால் சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடர்கிறீர்கள் என்றுதான் பொருள். கல்யாணம் பற்றிய உங்கள் முடிவையும் இதில் எழுத வேண்டாம். அது நேரில் பேச வேண்டிய விஷயம், வருந்தத் தேவையில்லாத விஷயமாகவும் இருக்கலாம். பேசாமல் இருந்ததற்கு மட்டும் வருந்தினால் போதும்.

அப்பாவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கடைசி வரியில் ‘அப்பா இருந்திருந்தால்’ என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். நம் பக்கம் அறுபதாம் கல்யாணம் கணவரின் வயதை வைத்துத்தான் நடக்கும். மனைவியின் அறுபது யார் கண்ணிலும் படாமல் போய்விடும். உங்கள் அட்டை அவருக்கென்று மட்டும் வருகிற அறுபது. அதில் அவர் மட்டும் இருக்கட்டும். கடையில் வாங்கிய அட்டையின் முன்பக்கத்தையும் ஒரு தடவை பாருங்கள். ‘மஞ்சள் குங்குமத்தோடு’, ‘தீர்க்க சுமங்கலி’ மாதிரி அச்சிட்டிருந்தால், எவ்வளவு அழகான அட்டையானாலும் மாற்றிவிடுங்கள்.

‘நீடூழி வாழ வாழ்த்துகிறேன்’ என்ற வரி ஃபிளெக்ஸ் போர்டில் பார்த்துப் பார்த்துத் தேய்ந்துவிட்டது. தவிர, சிறியவர் பெரியவரை வாழ்த்துவது பல தாய்மார்களுக்கு இன்னும் கூச்சம்தான். வாழ்த்துக்குப் பதிலாக ஆசி கேட்கலாம். அல்லது சின்னதாக, நிஜமாக ஒன்றை விரும்பலாம். முழங்கால் வலி குறையணும், இந்த வருஷம் மழைக்கு முன் ஓடு மாற்றிவிடணும் என்பது போல. பெரிய ஆசையைவிட, அவரோடு நாள்தோறும் பேசுகிறவருக்கு மட்டுமே தெரிந்த சின்ன ஆசையில்தான் நெருக்கம் தெரியும்.

வாக்குறுதி கொடுப்பதானால் கையில் இருப்பதை மட்டும் கொடுங்கள். ‘தீபாவளிக்கு நாலு நாள் முன்னாடியே வருவேன்’ என்று எழுத ஆசையாக இருக்கும். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது. பொதிகையில் பண்டிகை நேரத்து இடம் எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும். டிக்கெட்டும் லீவும் உறுதியான பிறகு தேதியோடு எழுதுங்கள், இல்லையென்றால் எழுதவே வேண்டாம். அந்த வரியைத்தான் அம்மா அதிகத் தடவை வாசிப்பார்.

இவ்வளவையும் சேர்த்தால் உங்கள் அட்டை ஏறத்தாழ இப்படி வரும்:

‘அம்மா,
ராத்திரி நான் படிக்கிறபோது உன் கத்தரிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அது நின்றிருந்தால் எனக்கும் தூக்கம் வந்திருக்கும். ஒரு நாளும் எனக்கு முன்னால் அது நின்றதில்லை. இங்கே ராத்திரி வேலை இருந்தால் அந்தச் சத்தத்தை நினைத்துக்கொள்வேன்.
இன்றைக்கு உனக்கு அறுபது. இன்றைக்கு ஒரு நாள் இலையைத் தொட வேண்டாம்.
ஆசீர்வாதம் பண்ணு.’

இதை அப்படியே பார்த்து எழுதிவிடாதீர்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டவர் நீங்கள்தான். கத்தரி முதலில் நின்றதா, உங்கள் புத்தகம் முதலில் மூடியதா என்பது உங்களுக்குத்தான் தெரியும். தவறாக எழுதினால் அம்மா உடனே கண்டுபிடித்துவிடுவார். நடுவில் மின்சாரம் போனது, அவர் கருப்பட்டிக் காப்பி போட்டது என்று உங்கள் நினைவில் வேறு ஏதாவது இருந்தால் அதைப் போட்டு, இதை எடுத்துவிடுங்கள். எழுதி முடித்ததும் ஒரு நாள் வைத்திருந்து, மறுநாள் சத்தமாக வாசியுங்கள். எந்த வரியை அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல நாக்கு கூசுகிறதோ அதை மாற்றுங்கள். ஆனால் கூச்சம் வேறு, தொண்டை அடைப்பது வேறு. தொண்டை அடைக்கும் வரியைத் தொடாதீர்கள்.

கையெழுத்தில், வீட்டில் கூப்பிடும் பெயரைப் போடுங்கள். தம்பிக்காக நீங்கள் கையெழுத்துப் போட வேண்டாம். அவர் இரண்டு வரி தனியாக எழுதட்டும். மேலே பிள்ளையார் சுழியோ, மூலையில் துளி மஞ்சளோ உங்கள் வீட்டு வழக்கம் என்றால் விட்டுவிடாதீர்கள். அட்டையைத் திறக்கும் முன்பே அம்மாவின் கண் அங்கேதான் போகும்.

இனி அட்டையையும் பேனாவையும் கவனிப்போம், நல்ல வாசகம் பல சமயம் இங்கே கெட்டுப்போகிறது. உள்பக்கத்தில் ஆங்கில வரிகள் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். அம்மாவால் வாசிக்க முடியாத எழுத்து அவருடைய அட்டையில் இருக்கக் கூடாது. இருந்தால், பக்கத்தைவிட ஒவ்வொரு ஓரத்திலும் அரை சென்டிமீட்டர் குறைவாக ஒரு தடித்த வெள்ளைத் தாள் வெட்டி, அதில் எழுதி ஒட்டுங்கள். தண்ணீர்ப் பசை தாளைச் சுருக்கிவிடும், குச்சிப் பசைதான் நல்லது. எழுதிய பிறகு ஒட்டுங்கள், பிழை வந்தால் தாளோடு போகும்.

வழவழப்பான பக்கத்தில் ஜெல் பேனா மை உறிஞ்சாமல் மேலேயே நிற்கும், கை பட்டதும் இழுபடும். பால்பாயின்ட் வழுக்கி, எழுத்து விட்டுவிட்டு விழும். அட்டையின் பின்பக்க மூலையில் ஒரு சின்னக் கோடு இழுத்து, ஒரு நிமிஷம் கழித்து விரலால் தேய்த்துப் பாருங்கள். கலைந்தால், மேலே சொன்னபடி தாள் ஒட்டுவதே வழி. நீலம் அல்லது கறுப்பு மை போதும். தங்க நிறமும் வெள்ளி நிறமும் குழல்விளக்கு வெளிச்சத்தில் பளபளத்து எழுத்தை மறைக்கும். சிவப்பு மையில் எழுதிய கடிதம் பெரியவர்களுக்குப் பிடிக்காது.

எழுத்தின் உயரம் நாலைந்து மில்லிமீட்டர், வரிக்கு வரி ஒரு சென்டிமீட்டர் இடைவெளி. தமிழில் மேலே ‘ஈ’ சுழியும் கீழே ‘உ’ வளைவும் வருவதால் இடைவெளி குறைந்தால் மேல் வரியின் ‘கு’ கீழ் வரியின் ‘தீ’ மேல் இடிக்கும், மெதுவாக வாசிப்பவர் அங்கே வரி மாறிப் போய்விடுவார். கோடு போட்ட தாளை அடியில் வைத்தால் தடித்த அட்டையில் தெரியாது. எச்பி பென்சிலால் மெல்லக் கோடு இழுத்து, எழுதிய பின் மை நன்றாகக் காய அரை மணி நேரம் விட்டு அழியுங்கள். ‘வாழ்த்துகள்’ என்று எழுதுவதானால் ‘க்’ வேண்டாம். ஏதாவது சொல்லில் ஐயம் இருந்தால் முதலில் போனில் தட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். அதைவிட முக்கியம், பிழை விழுந்தால் வெள்ளை மை பூசாதீர்கள். ஒரே கோடு இழுத்துப் பக்கத்தில் சரியாக எழுதுங்கள். அம்மா ஒன்றும் நினைக்க மாட்டார்.

அனுப்பும் தேதிக்கு, ஆதாரில் இருக்கும் பிறந்த தேதியை நம்ப வேண்டாம். அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்க்கும்போது வசதிக்காகப் போட்ட தேதியாக இருக்கலாம். நீங்கள் சொன்ன ரோகிணியைத்தான் அம்மா தன் பிறந்தநாள் என்று நினைப்பார். இந்த வருஷம் ஆவணியில் அது எந்த நாளில் வருகிறது என்று நாள்காட்டியில் பார்த்து, ஒரு வாரம் முன்னதாக அனுப்புங்கள்.

தபாலில் ஒரு சின்னக் கணக்கு. தடித்த அட்டையில் ஏ4 அளவுத் தாளை மடித்துச் செய்த வாழ்த்து அட்டை மட்டுமே 19 கிராம் அளவுக்கு வரும். ஒட்டிய தாளும் உள்ளே வைத்த கடிதமும் உறையும் சேர்ந்தால் 20 கிராமைத் தாண்டிவிடும். சாதாரணத் தபாலில் முதல் 20 கிராமுக்கு 5 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு 20 கிராமுக்கும் இன்னொரு 5 ரூபாய். ஐந்து ரூபாய் உறையில் போட்டுவிட்டால், குறைந்த தொகையைப் போல இரண்டு மடங்கை அம்மாவிடம் கேட்பார்கள். தபால் நிலையத்தில் எடை போட்டு அனுப்புங்கள். கையில் சேர்ந்ததை உறுதி செய்ய ஸ்பீடு போஸ்ட் நல்லது. முகவரியில் ஊர்ப் பெயரோடு அந்த ஊருக்கான தபால் நிலையத்தின் பெயர், ஆறு இலக்கப் பின்கோடு, பக்கத்தில் யாராவது எடுக்கக்கூடிய போன் எண், மூன்றும் இருக்க வேண்டும்.

போய்ச் சேர்ந்ததும் ‘வாசிச்சியா’ என்று போன் பண்ணிக் கேட்காதீர்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கிறவருக்கு அது பரீட்சை மாதிரி ஆகிவிடும். வழக்கமாகப் பேசும் நேரத்துக்கே பேசுங்கள். அன்றைக்கு அம்மா ‘சாப்பிட்டியா’ என்று மட்டும் கேட்டுவிட்டு அட்டையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இருக்கலாம். அப்போதும் நீங்களாக எடுக்க வேண்டாம். பின்பக்கத்தில் தேதியும் ஆண்டும் சின்னதாக எழுத மறந்துவிடாதீர்கள். ரேஷன் கார்டு வைக்கும் பெட்டிக்குள் அது பல வருஷம் இருக்கப் போகிறது.